வரும்போது ஒன்றரை மணி நேரம்

ஜூலை 3, புதன்

சமூக அறிவியலுக்குச் செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு நகரங்கள். இடையில் உள்ள வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் கண்டுபிடித்து சார்ட்டில் வரைய வேண்டும். ரிஸ்வானா முந்திக்கொண்டு துபாய் வாங்கிவிட்டாள். நான் திருச்சி - சிங்கப்பூர் கேட்டேன். அப்பா அங்கே கப்பல் பட்டறையில் ஃபோர்மேன்.

நூலகத்தில் உள்ள உலக உருண்டையில் ஆப்பிரிக்காவுக்குக் கீழே ஒரு நசுங்கல் இருக்கிறது. நல்ல வேளையாக என் வழி அந்தப் பக்கம் இல்லை. நூலை இரண்டு ஊர்களுக்கும் நடுவே இழுத்துப் பிடித்து, அதே நூலைப் பூமத்திய ரேகையின் மேல் வைத்துக் கணக்குப் போட்டேன். ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் வந்தது. நூல் பெரும்பாலும் கடலின் மேல்தான் போகிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்றாள்.

ஜூலை 7, ஞாயிறு

சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். துணி மடித்தேன். நூலகப் புத்தகத்தில் பாதி முடித்தேன்.

ஞாயிறு என்பதால் மூன்று மணிக்கு அப்பா வீடியோவில் வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து சித்தப்பாவும் வந்தார். சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா ஊரில் இல்லாதபோது எங்களைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. போனைப் பிடிப்பது என் பொறுப்பு. கை ஆடாமல் பிடிக்கிறேன் என்று அப்பா பலமுறை பாராட்டியிருக்கிறார்.

இன்று பேச்சு நீண்டுவிட்டது. அம்மா சீக்கிரம் படுத்துக்கொண்டாள். பாத்திரங்களை நான் கழுவினேன்.

ஜூலை 8, திங்கள்

எதிர்வீட்டு வளைகாப்புக்கு அம்மா போகவில்லை. கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்லச் சொன்னாள். போன மாதமும் கதவுதான். வேறு ஏதாவது சொல்லலாமே என்றேன். "என்னத்தச் சொல்ல, நீதான் நெறய படிக்கிறியே, ஒண்ணு யோசிச்சு சொல்லு" என்றாள். படிக்கட்டு என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் படிக்கட்டு இல்லை என்பது அந்த அக்காவுக்குத் தெரியும். நாலு வளையலைக் காகிதத்தில் சுற்றி அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மாவின் இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. வளையல் ஏறவில்லை.

களிம்பு தேடியபோது பீரோவில் அப்பாவின் பழைய விமான டிக்கெட்டுகள் கிடைத்தன. ஒரு விசித்திரம்: போகும் டிக்கெட்டில் ஆறரை மணி நேரம் வருகிறது. வரும் டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம்தான். கடல் ஒன்றுதானே?

ஜூலை 10, புதன்

விடை கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடிவந்தேன்.

எங்கள் கூடத்தில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று நம் நேரம். மற்றொன்று சிங்கப்பூர் நேரம், இரண்டரை மணி முன்னால் ஓடும். அப்பா எப்போது விழித்திருக்கிறார் என்று அம்மாவுக்கு எப்போதும் தெரிய வேண்டும் என்பதற்காக அவரே மாட்டிவிட்டுப் போனது. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி அச்சடிக்கப்படுகிறது! போனாலும் வந்தாலும் நான்கு மணி நேரம்தான்.

சித்தப்பாவிடம் கடிகாரங்களைக் காட்டி விளக்கினேன். அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. "இறங்குறது நம்ம ஊர்லதானே? அப்ப டிக்கெட்ல இருக்கிறதும் நம்ம நேரந்தான். வரும்போது காத்து தள்ளிவிட்டுடும், சல்லுனு வந்துடும்" என்றார். இந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்: போக ஆறரை, வர ஒன்றரை. காற்று அப்படி அடித்தால் மேகங்களும்... என்று தொடங்கினேன். அறைந்தார். அதிகம் இல்லை, ஒன்றுதான். "அண்ணன் மவளாச்சேன்னு பாக்குறேன். வாத்தியாரம்மா எனக்குப் பாடம் எடுக்குது."

சார்ட்டில் நான்கு மணி என்றே எழுதியிருக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

இந்த நாட்குறிப்பில் "பேச்சு" என்று எழுதிவருகிறேன். அது சரியான சொல் இல்லை. சரியான சொல்லை எழுதாதவள் நாட்குறிப்பு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அதனால் இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை அப்பா கூப்பிட்டபோது அம்மாவின் போன் வேறொரு அழைப்பில் இருந்தது. அம்மா தன் தங்கை ரேணு சித்தியோடு பேசிக்கொண்டிருந்தாள். யாரோடு என்று அப்பா இன்று கேட்டார். அம்மா சொன்னாள். பொய் என்றார். பிறகு வழக்கம்போல, "ஆரம்பிடா" என்றார்.

சித்தப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். கேபிள் ஒயரை இரண்டாக மடித்துக்கொண்டார். அவர் அம்மாவை எப்போதும் மரியாதையாகத்தான் கூப்பிடுவார். "அண்ணி, அந்தப் பக்கம் திரும்புங்க. கைய எடுத்துக்குங்க அண்ணி, கையில பட்டுரும்." முதுகில், தொடையில், பிறகு கையை எடுக்காததால் கையில். அம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் அவள் தலை சுவரில் மோதியது. சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு வட்டம் இருக்கிறது, அவள் தலை படும் இடம். நான் போனைப் பிடித்திருந்தேன்.

நடுவில் படம் நின்றுவிட்டது. அப்பாவின் முகம் பாதி கண் மூடிய நிலையில் உறைந்திருந்தது. சித்தப்பா அடித்து முடித்து, "போதுமாண்ணே?" என்றார். எப்போதும் முடிவில் அப்படிக் கேட்பார். கொஞ்ச நேரம் கழித்துப் படம் அசைந்தது. "கட் ஆயிடுச்சுடா. ஒண்ணும் தெரியல. மறுபடி" என்றார் அப்பா.

மறுபடி முதலிலிருந்து நடந்தது.

எல்லாம் முடிந்ததும் அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்து, போனைப் பார்த்துச் சொன்னாள்: "பாப்பாவ கூட்டிக்கிட்டு நான் ரேணு வீட்டுக்குப் போயிடுறேன். நீங்க ஒத்தப் பைசா தர வேணாம்."

கத்துவார் என்று நினைத்தேன். அப்பா சிரித்தார். இந்த முறை படம் நிற்கவில்லை. முழுச் சிரிப்பையும் பார்த்தேன்.

ஜூலை 15, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. கை ஆடுகிறது.

ஜூலை 18, வியாழன்

அப்பா வருகிறார்! இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை. டிக்கெட்டைப் படமாக அனுப்பியிருக்கிறார். புறப்பாடு 11.10. வருகை 12.40. விடுப்புக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே என்று அம்மா கேட்டாள்.

சித்தப்பா வேனுக்குச் சொல்லிவிட்டார். சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும் எங்கள் தெருவில் வேன் எடுத்துக்கொண்டு திருச்சி போய் மாலை போட்டுக் கூட்டிவருவது வழக்கம். பெட்டிகளை வேன் கூரையில் கட்டி, தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டே நுழைவார்கள். நானும் போக வேண்டுமாம். அம்மா வீட்டில் இருப்பாளாம்.

வீட்டில் மராமத்து நடக்கிறது. பின் அறை ஜன்னலுக்கு இரும்புப் பட்டை அடித்தார்கள். கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள். உள்ளே இருப்பவர் எப்படித் திறப்பார் என்று கேட்டேன். தச்சர் என்னைப் பார்த்துவிட்டு ஆணியைப் பார்த்தார்.

அம்மாவின் போன் இனி என் பொறுப்பு. அவள் கையில் கொடுக்கக் கூடாது. தினமும் மாலையில் யார் யாருக்குப் பேசியிருக்கிறது என்று சித்தப்பா பார்ப்பார்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று ஒயர் எடுக்கவில்லை. அப்பா ரொம்ப நல்லபடியாகப் பேசினார். அம்மாவிடம் எந்த நிறப் புடவை வேண்டும் என்று கேட்டார். அம்மா பச்சை என்றாள். பிறகு சித்தப்பாவிடம், "நீ ஒண்ணும் பண்ணாத. நான் வந்து பாத்துக்குறேன். அன்னைக்கே முடிச்சிடலாம்" என்றார். எதை என்று எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் சித்தப்பா ஒரு பழைய பம்ப் ஸ்டவ் கொண்டுவந்தார். கடற்கரைப் பக்கம் போய்ப் படகுக்காரர்களிடம் ஒரு கேன் மண்ணெண்ணெயும் வாங்கிவந்திருக்கிறார். இரண்டையும் பின் அறையில் வைத்தார். காஸ் இருக்கிறதே என்றேன். "விருந்தாளுங்க வருவாங்க, வெந்நீர் வெக்க வேணாமா?" என்றார்.

ஜூலை 23, செவ்வாய்

சார்ட்டை ஒப்படைத்தேன். பத்துக்குப் பத்து. கடிகாரங்கள் இரண்டையும் வரைந்திருந்தது நன்றாக இருந்ததாம்.

மதியச் சாப்பாட்டில் ரிஸ்வானாவிடம் ஸ்டவ் பற்றிச் சொன்னேன், வேடிக்கையாகத்தான். அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"எங்க தெருவுல ஒரு மாமி வீட்ல ஸ்டவ் வெடிச்சுது."

"பழைய ஸ்டவ்வா?"

"அவங்க வீட்லயும் காஸ் இருந்துச்சுடி."

அதற்கு மேல் இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை.

ஜூலை 24, புதன்

முதலில் காவல் நிலையம் என்று நினைத்தேன். ஆனால் போன வருடம் யாரோ சொல்லி இரண்டு பேர் வந்தார்கள். சித்தப்பா நாற்காலி போட்டார். காபி குடித்தார்கள். குடும்பத்தில் சகஜம் என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த ஞாயிறு அம்மாவின் பல் போனது.

ரிஸ்வானா வீட்டுக்குப் போய் அவள் அம்மாவின் போனில் ரேணு சித்தியைக் கூப்பிட்டேன். எண் மனப்பாடம். எல்லாவற்றையும் சொன்னேன். சித்தி அழுதாள். அழுகை முடியும்வரை காத்திருந்து, வீட்டுக்கு வரவேண்டாம், திருச்சி விமான நிலையத்துக்குச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வாருங்கள் என்றேன். அப்பாவை வழியனுப்பப் போனபோது பார்த்திருக்கிறேன்: அங்கே துப்பாக்கி வைத்த காவலர்கள் நிற்கிறார்கள். சித்தப்பா யாருக்கும் நாற்காலி போட முடியாத இடம் அது.

ஒரே சிக்கல், அம்மாவை வேனில் ஏற்றுவது.

ஜூலை 25, வியாழன்

முருங்கைக்கீரை உருவும்போது அம்மாவிடம் சொன்னேன்.

விமானத்தில் போன் வேலை செய்யாது. நான்கு மணி நேரம் அப்பாவால் யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. என் பதினைந்து வயதில் இப்படி ஒரு நான்கு மணி நேரம் வந்ததில்லை. சிங்கப்பூரில் பதினொன்று பத்து என்றால் நம் கடிகாரத்தில் எட்டு நாற்பது. ஆனால் சித்தப்பா, அப்பா பதினொன்று பத்துக்குத்தான் ஏறுவார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்பதே காலுக்கு நான் போய், அப்பா இப்போதுதான் போனில் பேசினார், அம்மாவையும் கூட்டிவரச் சொன்னார் என்று சொன்னால் நம்புவார். அப்பா சொன்னதை அவர் ஒருநாளும் மீறியதில்லை. இல்லை என்று சொல்ல அப்பா பூமியில் இருக்க மாட்டார்.

அம்மா கையிலிருந்த கீரையை உருவி முடித்தாள்.

"உனக்குப் பொய் சொல்ல வராதே பாப்பா."

"மனப்பாடம் பண்ணிக்குறேன்மா."

ஜூலை 27, சனி, காலை

எட்டேகாலுக்கு அப்பா கூப்பிட்டார். "ஏறிட்டேன். சித்தப்பாகிட்ட சொல்லிடு." சரி என்றேன். சொல்லவில்லை.

அம்மாவைப் பின் அறையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. இங்கிருந்தே மண்ணெண்ணெய் வாடை வருகிறது. எட்டு நாற்பத்தைந்துக்கு அப்பாவின் எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

சொல்ல வேண்டியதை ஏழு முறை எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்தேன்.

ஜூலை 29, திங்கள்

மருத்துவமனையில் எழுதுகிறேன். அம்மா தூங்குகிறாள். தாடையில் இரண்டு இடத்தில் முறிவு. கம்பி கட்டியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை சித்தப்பா, பூமாலையில் ரோஜா வாடியிருக்கிறது என்று பூக்கடைக்காரரைப் போனில் திட்டிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்று, "அப்பா இப்ப பேசினாங்க. அம்மாவையும் கூட்டிட்டு வரணுமாம். இறங்குனதும் அவங்க மொகத்ததான் மொதல்ல பாக்கணுமாம்" என்றேன். கடைசி வாக்கியம் மனப்பாடத்தில் இல்லை. தானாக வந்தது.

சித்தப்பா என்னைப் பார்த்தார். அப்பாவுக்குப் போன் போட்டார். போகவில்லை. மறுபடி போட்டார். என் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தார். "அப்பா" என்று கடைசி அழைப்பு இருந்தது. பக்கத்தில் இருந்த நேரத்தை அவர் பார்க்கவில்லை. "செக்கிங்ல வாங்கி வெச்சிருப்பானுவ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு சலிப்போடு போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார். "வாங்க அண்ணி. உங்களுக்கு வந்த யோகம்."

வேனில் சித்தப்பாவின் கூட்டாளிகள் மூன்று பேர். தஞ்சாவூர் தாண்டும்வரை வெளிநாட்டுச் சரக்கு எத்தனை பாட்டில் வரும் என்று பந்தயம் கட்டினார்கள். அம்மா கடைசி இருக்கையில் என் கையைப் பிடித்திருந்தாள். அவள் புடவையில் அந்த அறையின் வாடை ஏறியிருந்தது. நான் ஒரு சத்தமும் போடாமல் இரண்டு முறை வாந்தி எடுத்தேன், பையில்.

பன்னிரண்டரைக்கு விமான நிலைய வளாகத்துக்குள் நுழைந்தோம். வருகைக் கதவுக்கு முன்னால் தடுப்புக் கம்பி. அதைச் சுற்றிக் கூட்டம், மாலைகள், குழந்தைகள். கதவருகே நீளத் துப்பாக்கியோடு ஒரு காவலர். தூணோரம் ரேணு சித்தியைப் பார்த்தேன். இருபது அடிதான் இருக்கும். அம்மாவின் கையை இழுத்தேன்.

அப்போது பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சித்தப்பாவிடம் பேச்சுக் கொடுத்தார். "சிங்கப்பூர் ஃப்ளைட்டா தம்பி? எங்க மாப்ளயும் அதுலதான். காலைல எட்டரைக்கே உக்காந்துட்டேன், போனை அணைக்குறேன்னு சொன்னாரு."

"எட்டரைக்கா? பதினொண்ணு பத்துல்ல?"

"அது அவங்க மணிப்பா."

சித்தப்பா திரும்பி என்னைத் தேடினார். அவர் கண்ணில் எங்கள் கூடத்துக் கடிகாரங்கள் இரண்டும் ஓடுவதைப் பார்த்தேன். ஒயர் இல்லாததால் கையிலிருந்த மாலையால் என் முகத்தில் அடித்தார். நாரும் கம்பியும் கன்னத்தைக் கிழித்தன. அம்மா குறுக்கே வந்தாள். அவள் தலைமுடியைப் பிடித்துத் தடுப்புக் கம்பியில் மோதினார். ஒரு முறை, இன்னொரு முறை. இரும்பு மணிபோல் ஒலித்தது. அம்மா கீழே சரிந்ததும் வாயில் மிதித்தார். டிவி சத்தம் இல்லை. வாயில் முந்தானை இல்லை. அம்மா கத்தினாள். என் வாழ்நாளில் அவள் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது.

சுற்றிலும் போன்களைத் தூக்கிப் பிடித்தார்கள். எல்லார் கையும் ஆடிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக் கதவு திறந்தது. பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டியோடு அப்பா நின்றார். நடுவில் கடல் இல்லை. காவலர் ஓடிவந்து சித்தப்பாவின் பிடரியைப் பிடித்துத் தூக்கினார். சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது. அப்பாவைப் பார்த்ததும், ஞாயிற்றுக்கிழமை மாதிரியே, நிமிர்ந்து நின்றார்.

"போதுமாண்ணே?"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா பின்னால் திரும்பி, வேறு யாரையோ கேட்கிறார்கள் என்பதுபோலப் பார்த்தார். பிறகு தள்ளுவண்டியை மெல்ல நகர்த்தி, தரையில் கிடந்த அம்மாவின் கால்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார். காவலர் அவரைக் கேட்டார், உங்களுக்குத் தெரிந்தவர்களா என்று.

"இல்ல சார். யாருன்னு தெரியல."

தள்ளுவண்டியின் மேல் பெட்டியில் கொட்டை எழுத்தில் அவர் பெயரும் எங்கள் தெருவின் பெயரும் இருந்தன. என் வாயில் ரத்தம். துப்பிவிட்டு, வகுப்பில் பாடம் ஒப்பிக்கும் குரலில் சொன்னேன்.

"அப்பா, சித்தப்பா கேக்குறாங்க இல்ல. பதில் சொல்லுங்க. எப்பவும் சொல்வீங்கள்ல."

காவலர் பெட்டியைப் படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு தள்ளுவண்டியின் கைப்பிடியில் கை வைத்தார்.

அதற்குப் பிறகு பெண் அதிகாரி ஒருவர் வந்தார். நான் பின் அறையைச் சொன்னேன். தாழ்ப்பாள் எந்தப் பக்கம், ஸ்டவ் எங்கே, கேன் எங்கே. அவர் எழுதிக்கொண்டார். அவர் பேனா நின்ற இடம் ஒன்றே ஒன்று: போனை யார் பிடித்திருந்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதவில்லை. நீங்கள் எழுதலாம் என்றேன்.

ஜூலை 31, புதன்

அந்த அறையைப் போய்ப் பார்த்துவிட்டார்களாம். பெட்டிகளைத் திறந்தார்களாம். பச்சைப் புடவை இருந்ததாம், விலைச்சீட்டோடு. அம்மா கேட்டுக்கொண்டாள். பேச முடியாததால் என் உள்ளங்கையில் விரலால் எழுதினாள்: வேண்டாம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மூன்று மணிக்கு எனக்கு இன்னமும் உள்ளங்கை வேர்க்கிறது. ரேணு சித்தி அந்த நேரத்தில் என்னை மாவு பிசையச் சொல்கிறாள்.

சித்தப்பா சிறையில். அப்பாவுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது என்று இரண்டு வாரங்களுக்கு முன் வக்கீல் சொன்னார். பாஸ்போர்ட் நீதிமன்றத்தில் இருக்கிறது. அதாவது, அப்பா இனிமேல் இந்த நாட்டில்தான் இருப்பார். கடலும் இல்லை, போன் வேலை செய்யாத நான்கு மணி நேரமும் இல்லை. அன்று ராத்திரியே இடம் மாறினோம். இரண்டு பேருந்துகள், ஒரு ரயில்.

அம்மாவின் தாடையில் கம்பி எடுத்துவிட்டார்கள். இப்போது முன்னறையில் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். அரை மணி நேரமாக அவள் எண் வேறொரு அழைப்பில்தான் இருக்கும். யாரோடு என்று நான் கேட்கவில்லை.

புதிய பள்ளியில் முதல் பாடமே வரைபடம். பிறந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கு உள்ள தூரத்தையும் பயண நேரத்தையும் குறிக்கச் சொன்னார்கள். நூல்கூட வேண்டாம், எனக்கு மனப்பாடமாகத் தெரியும். பக்கத்துப் பெண், பெயர் அபிநயா, விடை வராதோ என்று நினைத்துத் தன் தாளை என் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

நான் இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டுத் தாளைக் கொடுத்தேன். இந்த நாட்குறிப்பிலும் எழுதப்போவதில்லை.